அழித்தவன் நான்தான்

குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராமத்தின் ஒரு வேளைப் பால் முழுவதும் கெட்டுப்போக நான் காரணம். அந்தப் பழியை அங்கே வேலை பார்த்த ஒரு பையன் மேல் போட்டேன். அவன் மேல் தப்பில்லை என்று காட்டக்கூடிய பதிவு ஒன்று இருந்தது. அதைப் படித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். முதலாவதைக் கவனக்குறைவு என்று சொல்லலாம். மற்ற இரண்டையும் அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை.

படிக்கிற நீங்கள் தீர்ப்புச் சொல்லவேண்டியவர்கள். அதனால் தொழில் விவரங்களையும் விடாமல் சொல்கிறேன். நான் ஒளிந்துகொண்டதே அவற்றுக்குப் பின்னால்தான்.

எனக்குச் சொந்த ஊர் சித்தூர். கடை திருப்பதியில். வீட்டில் தமிழ், கடையில் தெலுங்கு. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. என் பிழைப்பு பிரியவில்லை. இரண்டு ஊருக்கும் நடுவிலுள்ள கிராமங்கள்தான் என் வாடிக்கை. மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர், மின்தராசு, பாலில் கொழுப்பு பார்க்கிற கருவி, எது வந்தாலும் பிரிப்பேன். அந்தப் பக்கத்தில்தான் காதங்கி இருக்கிறது. விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வகம் அங்கே. 1024 யாகி ஆண்டெனாக்களை வரிசையாக நட்டு, 53 மெகாஹெர்ட்ஸ் அலையை மேலே அனுப்பி, எட்டாத உயரத்துக் காற்றை அளக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நானும் ரேடியோக்காரன்தான் என்று ஒரு நினைப்பு எழும். பையில் இருப்பது சில நூறு ரூபாய் வைஃபை மாட்யூல். நினைப்பு மட்டும் ரேடார் உயரம்.

அந்த நினைப்போடுதான் அந்தக் கிராமத்தின் பால் நிலையத்துக்குள் நுழைந்தேன்.

எங்கள் பக்கம் நிலக்கடலை கைவிட்டாலும் மாடு கைவிடாது. சித்தூர்க் கூட்டுறவுப் பால்பண்ணை 2002-ல் மூடப்பட்ட பிறகு பெரும்பாலும் தனியார் பண்ணைகளுக்குத்தான் பால் போகிறது. காலையும் மாலையும் பெண்கள் தூக்குவாளியில் கொண்டுவந்து ஊற்றுவார்கள். கொழுப்பும் எஸ்என்எஃப் என்கிற கொழுப்பல்லாத திடப்பொருளும் பார்த்து விலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பில். நிலையத்தில் பெரிய எஃகுத் தொட்டி ஒன்று உண்டு. பல்க் கூலர் என்பார்கள். கறந்த பால் மாட்டின் உடம்புச் சூட்டோடு வரும். அதைச் சீக்கிரம் 4 டிகிரிக்கு இறக்க வேண்டும். இறக்கினால் டேங்கர் வரும்வரை தாங்கும். இறக்காவிட்டால் பாக்டீரியா பெருகிப் பாலிலுள்ள சர்க்கரையை அமிலமாக்கிவிடும். டேங்கரோடு வருகிறவர் ஒரு சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றிக் கொதிக்கவைத்துப் பார்ப்பார். திரிந்தால் தொட்டி மொத்தமும் தள்ளுபடி. எந்த வீட்டுப் பால், எவ்வளவு கெட்டியான பால் என்ற பேச்சே அதற்குமேல் கிடையாது.

அந்தத் தொட்டிக்கு நான் ஒரு காவல் கருவி செய்து கொடுத்தேன். ஒரு வெப்ப உணரி. ஒரு ஈஎஸ்பி8266 மாட்யூல். 2014-ல் சந்தைக்கு வந்த சீனச் சிப் அது. ஷாங்காயில் உள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் தயாரிப்பு. மலிவு. நிலையத்திலிருந்த சிம் ரவுட்டர் வழியாக என் சர்வருக்குச் சூட்டின் அளவை அனுப்பிக்கொண்டே இருக்கும். பால் சூடேறினால் பையனின் போன் அலறும்.

மாட்யூலே பேசாமல் போனால்? அதற்கும் ஒரு எச்சரிக்கை எழுதியிருந்தேன். ஆனால் அது சிக்னல் போய்ப் போய் வரும் ஊர். காரணமில்லாமல் போன் கத்தியது. நிலையத்தை நடத்தும் சங்கத்தின் செயலாளர் சலித்துக்கொண்டார். என் கருவிக்குக் கெட்ட பெயர் வரக்கூடாது என்று அந்த எச்சரிக்கையையே நிறுத்திவைத்தேன். நிறுத்தியதை யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குமுன் அந்தப் பையன் ராத்திரி ஒருதரம் சைக்கிளில் வந்து தொட்டியின் சூட்டைப் பார்த்துவிட்டுப் போவான். அவனுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை. அவனாகச் செய்தது. "போன் அடிக்கலைன்னா பால் நல்லா இருக்குன்னு அர்த்தம். இனிமே நிம்மதியா தூங்கு தம்பி" என்று அவனை நிறுத்தியவன் நான்.

இனி அந்த மாலை.

மறுநாள் காலை வேறொரு பண்ணையிலிருந்து ஓர் அதிகாரி கருவியைப் பார்க்க வருவதாக இருந்தது. பிடித்துப்போனால் பல நிலையங்களுக்கு ஆர்டர் கிடைக்கும். திரையில் வரைபடம் அழகாகத் தெரிய வேண்டும் என்று மாட்யூலின் ஃபர்ம்வேரில், அதாவது அதன் உள்ளே ஓடும் நிரலில், சில மாற்றங்கள் செய்தேன். பாலுக்கு அந்த மாற்றத்தால் ஒரு பயனும் இல்லை. என் பெருமைக்கு இருந்தது. திருப்பதியில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாக ஏற்றிவிடலாம். ஏற்றுமுன் பையனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, பால் ஊத்துற நேரம். இப்பதான் கரண்ட் போய்ப் போய் வரும். ஜெனரேட்டர் மாத்திக்கிட்டே இருக்கணும். காலையில போடக்கூடாதா?"

அவன் சொன்னது எவ்வளவு சரி என்பதற்கு மாட்யூலின் உள்வேலையைச் சொல்ல வேண்டும். புதிய ஃபர்ம்வேர் இறங்கும்போது பழையதன் மேல் எழுதப்படாது. நினைவகத்தின் காலி இடத்தில் போய் உட்காரும். முழுதாக வந்ததும் மாட்யூல் தன்னை மறுபடி தொடங்கிக்கொள்ளும். அப்போது ஒரு சின்னத் தொடக்க நிரல் புதியதை எடுத்துப் பழையதன் மேல் நகல் எழுதும். எழுது என்ற உத்தரவு இருப்பதோ மின்சாரம் போனால் மறந்துவிடும் நினைவில். நகல் பாதியில் நிற்கும்போது கரண்ட் போனால் பாதி புதியது, பாதி பழையது. கரண்ட் திரும்பி வரும்போது உத்தரவும் இல்லை, ஓடக்கூடிய நிரலும் இல்லை. இதைத் தடுக்க ஒரு சின்ன பேட்டரி போதும். செலவைக் குறைக்க அதை விட்டதும் நான்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. ஆனாலும் அவன்தான் சரியாகச் சொன்னான். பத்தாவது தாண்டாத பையன் எனக்குப் புத்தி சொல்வதா என்று இருந்தது. "நீ பால் அளக்கிற வேலையைப் பாரு" என்றேன். பொத்தானை அழுத்தினேன்.

இறங்கி முடிந்தது என்று திரை சொன்னது. மாட்யூல் மறுதொடக்கத்துக்குப் போனது. திரும்பி வரவில்லை.

நான் செய்த மிகப் பெரிய தப்பு அந்தப் பொத்தானை அழுத்தியது என்று நினைத்துவிடாதீர்கள். அது அதற்குப் பிறகு வந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது போனைப் பார்த்தேன். மாட்யூல் ஆஃப்லைன். படுக்கப் போகும்முன் பார்த்தேன். அப்போதும் ஆஃப்லைன். ஃபர்ம்வேர் ஏற்றியபின் இவ்வளவு நேரம் வாய் திறக்கவில்லை என்றால் அது விழுந்துவிட்டது. இந்தத் தொழிலில் இருக்கிற எவனுக்கும் அது தெரியும். பையனின் நம்பர் கையில் இருந்தது. "தம்பி, மெஷின் போச்சு, ஒரு தடவை போய்த் தொட்டியைப் பார்த்துடு" என்று சொன்னால் போதும். அவன் போயிருப்பான்.

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அவன் "நான் அப்பவே சொன்னேனே அண்ணா" என்பான். அதைக் கேட்க என்னால் முடியாது என்றுதான் கூப்பிடவில்லை. சிக்னல் இருக்காது, காலையில் வந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை நம்பவும் இல்லை. தூங்கிவிட்டேன்.

அந்த ராத்திரி கரண்ட் குறைந்த வோல்டேஜில் வந்திருக்கிறது. கம்ப்ரசர் டிரிப் ஆகி நின்றுவிட்டது. மாலைப் பால் முழுதாகக் குளிரவே இல்லை. பையன் வீட்டில் போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறான். நான் சொல்லிக்கொடுத்தபடி.

காலையில் நான் போனபோது சோதனைக் குழாய் ஸ்டவ்வின் மேல் இருந்தது. கொதி வருவதற்கு முன்பே கண்ணாடியின் ஓரத்தில் பொடிப்பொடியாக வெள்ளை ஒட்டியது. அடுத்த நொடி நீர் தனி, கட்டி தனி. டேங்கர்க்காரர் குழாயை வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றும் பேசவில்லை. தொட்டியின் அடிவால்வைத் திறந்துவிட்டார்கள். பால் வாய்க்காலில் ஓடியது. காலையில் கறந்ததை ஊற்றத் தொட்டி தயாரில்லை. வரிசையில் நின்றவர்கள் தூக்குவாளியோடு திரும்பினார்கள். வயதான ஓர் அம்மா போகாமல் நின்றார். "இது பில்லுல பிடிப்பாங்களா?" என்று என்னைக் கேட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்த நான்தான் பெரிய ஆள் என்று நினைத்திருப்பார். "தெரியலைம்மா" என்றேன். பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

செயலாளர் கேட்டார். "ஏன் போன் அடிக்கல?"

நான் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "போர்டு செத்துப்போச்சு ஐயா. ஓடிக்கிட்டிருக்கும்போது யாரோ பிளக்கைப் பிடுங்கியிருக்காங்க." யாரோ என்று சொன்னபோது என் கண் பையனிடம் போனது. அதுவும் வேண்டுமென்றே.

"அண்ணா நேத்து சாயந்திரம் ஏதோ ஏத்துறேன்னு போன் பண்ணாரு. நான் வேணாம்னு சொன்னேன்" என்றான் அவன்.

"பேசினது உண்மை. காலையில ஏத்தலாம்னு விட்டுட்டேன். நான் எதையும் ஏத்தல" என்றேன்.

அப்போது அவன் காணிப்பாக்கத்தை இழுத்தான். எங்கள் சீமையில் அதன் பொருள் எல்லாருக்கும் தெரியும். சித்தூருக்குப் பக்கத்தில்தான் அந்த வரசித்தி விநாயகர் கோயில். வழக்கு முற்றினால் குளத்தில் முழுகிவிட்டு அந்தச் சன்னதியில் சத்தியம் செய்யச் சொல்வார்கள். அங்கே பொய்ச் சத்தியம் செய்யத் துணிகிறவர்கள் குறைவு. பாதி வழக்குகள் போகும் வழியிலேயே முடிந்துவிடும் என்பார்கள்.

"வாங்கண்ணா. முழுகிட்டு நான் சொல்றேன். நீங்களும் சொல்லுங்க."

நான் சிரித்தேன். "இது சயின்ஸ் தம்பி. சிப்புக்கெல்லாம் சத்தியம் பண்ணுவாங்களா?" சுற்றி நின்றவர்களில் சிலரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவன் தோற்றான். எனக்குச் சாமி நம்பிக்கை இல்லை என்று நான் வெளியே சொல்லிக்கொள்வதுண்டு. உண்மையிலேயே இல்லை என்றால் போய்ப் பொய்ச் சத்தியம் செய்துவிட்டு வந்திருக்கலாம். அதற்கும் கால் வரவில்லை. பயம். அறிவியலின் பெயரைச் சொல்லி மறைத்தது அதைத்தான்.

மாட்யூலைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். செத்துப்போச்சு என்று நான் சொன்னேனே, அது சாகவில்லை. இந்தச் சிப்பில் யாராலும் அழிக்க முடியாத ஒரு பகுதி உண்டு. ராம் அல்ல, தொழிற்சாலையிலேயே பதிந்துவிட்ட ரோம். மேலே எழுதிய ஃபர்ம்வேர் எப்படிச் சிதைந்தாலும் அது பேசும். அது பேசும் வேகம் விசித்திரமானது. விநாடிக்கு 74880 பிட். 40 மெகாஹெர்ட்ஸ் படிகத்துக்கு 115200 என்று கணக்குப்போட்டு எழுதியதை, 26 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஓட்டுவதால் வரும் எண். வழக்கமான வேகத்தில் பார்த்தால் திரையில் குப்பை எழுத்துகள் ஓடும். வேகத்தை மாற்றினேன். எழுத்து தெளிந்தது. 2013 ஜனவரி 8 என்ற தன் தேதியைச் சொல்லிவிட்டு, விழுந்து, மறுபடி தொடங்கி, மறுபடி அதே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. உடம்பில் ஒரு காயமும் இல்லை. எரிந்த வாடை இல்லை. நிரல் மட்டும் பாதியில் நின்றிருந்தது.

மீட்பது எளிது. ஜிபிஐஓ பூஜ்யம் என்ற காலைத் தரையோடு இணைத்து ரீசெட்டை அழுத்தினால் அந்த ரோம், யுஎஸ்பி சீரியல் வழியாகப் புதிய ஃபர்ம்வேரை வாங்கத் தயாராகும். 3.3 வோல்ட் சப்ளை மட்டும் தெம்பாக இருக்க வேண்டும். மெலிந்த சப்ளையில் எழுத்து நடுவில் தடுமாறும். நல்ல சப்ளை என் மேசையில் இருந்தது.

எழுதுமுன் உள்ளே இருப்பதை வாசித்து எடுத்தேன். நினைவகத்தின் பின்பாதியில் நானே வைத்த ஒரு பதிவுக் கோப்பு இருந்தது. சூடு, நேரம், நடந்தது என்று வரிவரியாக. அது சிதையவில்லை. கடைசி வரிகளில் அந்த மாலை இருந்தது. ஃபர்ம்வேர் ஏற்றும் உத்தரவு வந்தது. முழுதாக இறங்கியது. மறுதொடக்கம். அதற்குமேல் வரி இல்லை. பையன் சொன்ன நேரம். பையன் சொன்ன வரிசை. நான் ஏற்றவே இல்லை என்று ஊர்முன் சொன்ன அதே உத்தரவு.

இங்கே இரண்டு வழி இருந்தது. ஃபர்ம்வேர் இருக்கும் இடத்தில் மட்டும் புதிதாக எழுதலாம். பதிவு தொடப்படாமல் அப்படியே இருக்கும். அல்லது நினைவகம் மொத்தத்தையும் அழித்துவிட்டு எழுதலாம். மீட்புக்கு முதல் வழியே போதும். நான் இரண்டாவதைச் செய்தேன். கட்டளையைத் தட்டச்சு செய்து கொஞ்சநேரம் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அழுத்தினேன். சில விநாடிதான் ஆனது. வாசித்து எடுத்த நகலையும் சர்வரில் இருந்த வரியையும் அழித்தேன். அவசரத்தில் செய்ததில்லை. கைதவறியதும் இல்லை. யோசித்துச் செய்தது.

ஃபர்ம்வேரை எழுதினேன். மாட்யூல் எழுந்தது. வைஃபையில் சேர்ந்தது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புதுப் பெட்டியில் வைத்து, புது போர்டு என்று சொல்லி மாட்டினேன். புது போர்டுக்கான பணத்தையும் சங்கத்திடம் வாங்கினேன். நான் போய்ச் சேர்வதற்குள் பையனை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள்.

இதற்கெல்லாம் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இது பெரிய நிறுவனங்களுக்கே நடக்கிறது என்று. 2022 பிப்ரவரி 24-ல், உக்ரைன் மேல் ரஷ்யா படையெடுத்த அன்று, வயாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் இணைய மோடம்கள் ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கில் ஊமையாயின. தாக்கியவர்கள் உள்நினைவகத்தின் மேல் வேறொன்றை எழுதிவிட்டார்கள். ஜெர்மனியில் 5800 காற்றாலைகளைத் தூரத்திலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது. இதை நினைத்து நினைத்து என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அங்கே அடித்தது எதிரி. அடிபட்ட நிறுவனம் மார்ச் 30-ல் நடந்ததை எழுதி வெளியிட்டது. என் விஷயத்தில் அடித்தவனும் நான், மறைத்தவனும் நான்.

மனசாட்சி உறுத்தி ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஒருநாள் செயலாளர் வேறு ஊர்க்காரர்களிடம் என்னைக் காட்டி, "அந்தப் பையன் போன பிறகு மெஷின் ஒழுங்கா ஓடுது" என்றார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். ஆட்டிய தலையை வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. அடுத்த சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். போர்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த வேளைப் பாலுக்கு அவரவருக்குப் போனதையும் கொடுக்க ஒப்புக்கொண்டு கொடுத்தேன். மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். யாரும் திட்டவில்லை. "பணம் சரி. அந்தப் புள்ளைக்கு என்ன பண்ணப்போறே?" என்று ஓர் அக்கா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சிலது சொல்ல வேண்டும். கரண்ட் நிலையில்லாத இடத்தில் பேட்டரி இல்லாமல் ஃபர்ம்வேர் ஏற்றாதீர்கள். புதியது ஓடும் என்று உறுதியாகும்வரை பழையதை அழிக்காத அமைப்பையே தேர்ந்தெடுங்கள். கருவி பேசாமல் போனால் அதற்கும் ஓர் அலாரம் அடிக்க வேண்டும். செத்த மாட்யூலை மீட்கும்முன் நினைவகம் முழுவதையும் நகலெடுத்து, இன்னொருவர் கையில் கொடுத்துவையுங்கள். உங்களை நம்பி வைத்துக்கொள்ளாதீர்கள். அந்த இடத்தில் நிற்கிற ஆள் இப்போது வேண்டாம் என்றால் கையை எடுத்துவிடுங்கள்.

பையன் இப்போது ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறான். பழைய வேலையைத் தருவதாகச் செயலாளர் சொல்லி அனுப்பினார். அவன் வரவில்லை. நான் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. எடுக்க வேண்டிய கடமை அவனுக்கு இல்லை. அழித்த பதிவைத் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது. அதற்கு மிச்சமிருக்கும் சாட்சி நான் ஒருவன்தான். ஆகவே அவனைத் தெரிந்தவர்கள் யார் இதைப் படித்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்: அன்று அவன் சொன்னது அத்தனையும் உண்மை. பொய் சொன்னவன் நான்.